இன்ஜின் ஆட்டத்தைக் குறைக்க வீட்டிலேயே பிரேஸ் செய்து மாட்டலாமா?

கோவை_ஸ்விஃப்ட்08:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2008 மாடல் ஸ்விஃப்ட், 1.3 பெட்ரோல், 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி, இப்போது நான் ஓட்டுகிறேன், விற்கும் எண்ணம் இல்லை.

ஆறு மாதமாக ஒரு தொந்தரவு. முதல் கியரிலோ இரண்டாவதிலோ ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் முன்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம், காலை எடுத்தால் இன்னொரு 'டொக்'. போன மாதம் குடும்பத்தோடு வால்பாறை போனோம். ஆழியாறிலிருந்து மேலே ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் இரண்டாவது கியருக்கு வந்து மறுபடி மிதிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம். அம்மா பயந்தே போனார். திரும்பி வந்ததும் பானெட்டைத் திறந்து வைத்து, தம்பியை உள்ளே உட்காரச் சொல்லி, ஹேண்ட் பிரேக் போட்டு கிளட்ச்சை லேசாக விடச் சொன்னேன். இன்ஜின் தலைப்பகுதி கேபின் பக்கமாக நன்றாகவே சாய்கிறது. ரிவர்ஸில் போட்டால் ரேடியேட்டர் பக்கம் வருகிறது. போனில் வீடியோ எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 38 மில்லிமீட்டர் வருகிறது.

வெளிநாட்டுக்காரர்கள் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் பிரேஸ் என்று ஒரு கம்பியோ, அசைவைத் தணிக்கும் டேம்பரோ போடுகிறார்கள். அதை நானே செய்யலாம் என்று நினைக்கிறேன். கணபதியில் என் நண்பனுக்கு லேத் பட்டறை இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் ஒரு டர்ன்பக்கிள் (திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பி) வாங்கி, ஒரு முனையை இன்ஜினைத் தூக்கும் கொக்கியில் மாட்டி, மறுமுனையை முன் ஷாக் அப்சார்பரின் தலை பாடியில் பிடிக்கும் ஸ்ட்ரட் டவர் நட்டில் பிடித்து இறுக்கிவிட்டால் வேலை முடிந்ததா? முனைகளில் ரப்பர் புஷ் (ரப்பர் வளையம்) தேவையா, நேராக இரும்பாகவே போடலாமா? டிக்கி கதவுக்கு இருக்கும் கேஸ் ஸ்ட்ரட்டை டேம்பராகப் போட முடியுமா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

சேலம்_பட்டறை:

தம்பி, கம்பி போடுவதற்கு முன்னால், இன்ஜினைப் பாடியோடு பிடித்திருக்கும் ரப்பர் மவுண்டிங்கைப் பாருங்கள். 38 மில்லி என்பது ரப்பர் போய்விட்ட வண்டியின் கணக்கு. உங்கள் வண்டிக்கு வயதும் ஆகிவிட்டது, ஓடிய ஓட்டமும் குறைவில்லை. ரப்பர் என்பது சூட்டிலும் எண்ணெய்க் கசிவிலும் தானாகவே வெடிக்கிற பொருள். வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் கெட்டியாகிப் பிளக்கும்.

இந்த மாதிரி குறுக்கே உட்கார்ந்த இன்ஜினில் பெரும்பாலும் ஒரு பக்கம் இன்ஜினைப் பிடிக்க ஒன்று, இன்னொரு பக்கம் கியர்பாக்ஸைப் பிடிக்க ஒன்று, கீழே பின்பக்கம் ஒன்று என்று மூன்று இருக்கும். மேலே இருக்கும் இரண்டும் எடையைத் தாங்குகின்றன. கீழே இருப்பதற்கு எடை வேலை குறைவு, அது முறுக்கத்தைத் தடுக்கத்தான் இருக்கிறது. அது போனால் ஐட்லிங்கில் எந்த வித்தியாசமும் தெரியாது, மிதிக்கும்போதுதான் 'டொக்'. நீங்கள் சொல்வது அப்படியே அதுதான்.

எப்படிப் பார்ப்பது? வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கீழே போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, இதை எங்கள் பட்டறையில் யாருக்கும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு லிவர் கம்பியைக் கீழ் மவுண்டிங்குக்கும் கிராஸ் மெம்பருக்கும் (அடியில் குறுக்கே ஓடும் சட்டம்) நடுவில் விட்டு நெம்பினால் நடுப்புஷ் ரப்பர் எவ்வளவு விலகுகிறது என்று தெரியும். பிளவு தெரிந்தால் மாற்றவேண்டியதுதான். மேல் மவுண்டிங்குகளைப் பார்க்க, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் ஓரத்தில் அகலமான மரக்கட்டை வைத்து அதன் மேல் ஜாக்கி கொடுத்து இன்ஜினை ஒரு மயிரிழை தூக்குங்கள். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து வாய் திறந்தால் அதுவும் போய்விட்டது. மவுண்டிங்குக்குள் திரவம் இருக்கும் வகையாக இருந்து அடியில் ஈரமாகக் கசிந்திருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொரு விஷயம், டம்மி மவுண்டிங் வாங்காதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ரப்பர் கல் மாதிரி இருக்கும், ஸ்டீயரிங் முழுக்க அதிரும், ஒரு வருடத்தில் மறுபடியும் பிளந்துவிடும்.

மவுண்டிங் செத்த வண்டியில் கம்பி போட்டால் மூன்று மவுண்டிங் செய்யவேண்டிய வேலையை அந்த ஒரு கம்பி செய்யும். அது எதில் மாட்டியிருக்கிறதோ அதைப் பிய்த்துக்கொண்டு வரும்.

திருச்சி_கேரேஜ்:

சேலம் அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்கள். அதற்குப் பிறகும் பிரேஸ் வேண்டும் என்று தோன்றினால் என் அனுபவம் உதவும், ஏனென்றால் நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன், முதல் தடவை தப்பாக.

என்னுடையதும் 1.3 பெட்ரோல் ஹேட்ச்பேக்தான், வேறு வண்டி. முதலில் நீங்கள் சொன்ன அதே முறை: கடையில் கிடைத்த டர்ன்பக்கிள், இன்ஜின் தூக்கும் கொக்கி, ஸ்ட்ரட் டவர். நல்ல இறுக்கு இறுக்கினேன். முதல் பத்து நிமிடம் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. மிதித்த உடனே வண்டி பாய்கிறது, 'டொக்' இல்லை, கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. சிக்னலில் நின்றேன், ஏசி போட்டிருந்தேன், டாஷ்போர்டு முழுக்க தேனீக்கூடு மாதிரி ரீங்காரம். ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியவில்லை. மூன்று வாரம் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் கிளட்ச்சை விடும்போது 'டங்' என்று பெரிய சத்தம், பானெட்டைத் திறந்தால் இன்ஜின் கொக்கி வளைவில் பாதி அறுந்து தொங்குகிறது.

அந்தக் கொக்கியை எதற்குச் செய்திருக்கிறார்கள்? இன்ஜினைச் செயினில் கட்டி ஒருமுறை மேலே தூக்கி இறக்க. முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான தடவை இழுத்துத் தள்ளினால் வளைத்த தகடு அலுத்துப்போய் அறுந்துவிடும். டர்ன்பக்கிளும் அப்படித்தான், டெண்டுக் கயிறு, ஸ்டே கம்பி இழுக்கச் செய்தது, இழுவை மட்டும் தாங்கும், தள்ளுவதற்கு அது லாயக்கில்லை, கொக்கி முனையாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் இடிக்கும்.

இரண்டாவது தடவை செய்தது இன்றுவரை ஓடுகிறது, நான்கு வருடம் ஆகிறது. விவரமாகவே சொல்கிறேன்.

இரண்டு முனைக்கும் பழைய பைக் ஷாக் அப்சார்பரின் கண்ணை அறுத்து எடுத்தேன். அதில் ஏற்கனவே ரப்பர் புஷ்ஷும் நடுவில் இரும்புக் குழலும் இருக்கிறது, புஷ் தேய்ந்தால் எந்த ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். வெல்டிங் செய்யும்போது புஷ்ஷைக் கழற்றிவிடுங்கள், எரிந்துவிடும். நடுவில் 25 மில்லி வெளிவிட்டம், 3 மில்லி கனமுள்ள பைப். ஒரு கண்ணை நேராகப் பைப்பில் வெல்டிங் செய்தாயிற்று. இன்னொரு கண்ணில் எம்14 திரெட் போட்ட தண்டு, பைப்பின் முனையில் லேத்தில் கடைந்த நட்டுத் துண்டு, அதன் மேல் ஒரு லாக் நட். நீளம் மாற்றவேண்டுமென்றால் போல்ட்டைக் கழற்றி அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி மாட்ட வேண்டும். இடது திரெட் எல்லாம் போட்டுச் சிரமப்படத் தேவையில்லை, ஒருமுறை அளவு வைத்தால் அப்புறம் தொடவே மாட்டீர்கள்.

இன்ஜின் பக்கம் 6 மில்லி தகட்டில் ஒரு பிராக்கெட், இரண்டு போல்ட்டில் பிடிக்கும்படி. ஒரே போல்ட்டில் பிடித்தால் தகடு சுழலும், சுழன்றால் போல்ட் தளரும். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதை மறக்கவேண்டாம். எம்8 போல்ட் என்றால் திரெட்டுக்குள் குறைந்தது 16 மில்லி இறங்கவேண்டும். பிராக்கெட்டின் கனத்துக்கு ஏற்ப நீளமான போல்ட் வாங்காமல் பழைய போல்ட்டையே போட்டு நாலு திரெட்டில் தொங்கவிட்டால் ஒருநாள் அலுமினியத்தோடு உரிந்து வரும், அப்புறம் ஹெலிகாயில் (உரிந்த திரெட்டுக்குப் பதிலாக வைக்கும் கம்பிச்சுருள்) போடும் செலவு. அதேபோல ரொம்ப நீளமாகப் போட்டு அடியில் முட்டவிடவும் கூடாது, முதலில் ஒரு கம்பியை விட்டுத் துளையின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். 8.8 என்று வலிமைக் குறி தலையில் அடித்த போல்ட் மட்டும் வாங்குங்கள்.

பாடி பக்கம் ஸ்ட்ரட் டவரின் இரண்டு நட்டுக்கும் சேர்த்து 5 மில்லி தகடு. நட்டுக்கு அடியில் தகடு வந்த பிறகும் ஸ்டட்டின் திரெட் நட்டுக்கு மேலே இரண்டு சுற்றாவது தெரியவேண்டும். நடுவில் இருக்கும் ஷாக் ராட் நட்டைத் தொடவே தொடாதீர்கள்.

வெல்டிங் எல்லாம் வண்டிக்கு வெளியே, மேஜை மேல். தகடுகளை வண்டியில் வைத்து அட்டையில் மாதிரி வெட்டிக்கொண்டு போய்ப் பட்டறையில் செய்யுங்கள். பெட்ரோல் பைப் ஓடுகிற இடத்தில் வெல்டிங் பொறி பறக்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை, கட்டாயம் வண்டியிலேயே வைக்கவேண்டி வந்தால் பேட்டரியையும் இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் கழற்றிவிட்டுத்தான்.

மாட்டும் நாள்தான் முக்கியம். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும், பிறகு நிறுத்தி நியூட்ரலில் விடுங்கள். பிரேஸின் நீளத்தைத் திருகித் திருகி, போல்ட் இரண்டு முனையிலும் கையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் நிலையில் வையுங்கள். சுத்தியலால் தட்டித்தான் போகிறது என்றால் இன்ஜினை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள், அந்த இழுவை முழுக்க ஐட்லிங்கில் அதிர்வாக உள்ளே வரும். என்னுடைய முதல் பிரேஸில் நான் 'நல்ல இறுக்கு' இறுக்கியதுதான் பாதித் தவறு.

கேஸ் ஸ்ட்ரட் வேண்டாம். அது டேம்பர் இல்லை, உள்ளே அடைத்த வாயு எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜினை ஓயாமல் ஒரு பக்கம் தள்ளும், அவ்வளவுதான்.

அதிர்வு_ஆய்வாளர்:

நான் வாகன அதிர்வு, சத்தம் தொடர்பான வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் கணக்கோடு எழுதுகிறேன். திருச்சி நண்பர் கையால் கண்டுபிடித்ததற்குக் காரணமும் இதில் இருக்கிறது.

உங்கள் இன்ஜினின் உச்ச டார்க் (முறுக்கம்) 113 நியூட்டன் மீட்டர். இதைக் கேட்டால் சின்னதாகத் தெரியும். ஆனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கட்டியாக இருக்கும் முன்சக்கர வண்டியில், மவுண்டிங்குகள் தாங்குவது சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட் டார்க்கை. முதல் கியரில் மொத்த விகிதம் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட 1,580 நியூட்டன் மீட்டர் வருகிறது. சக்கரம் முன்னோக்கிச் சுழல அந்தக் கட்டி முழுவதும் அதே அளவு முறுக்கத்தோடு பின்னோக்கிப் புரளப் பார்க்கும். நீங்கள் பார்த்த சாய்வு அதுதான், ரிவர்ஸில் திசை மாறுவதும் அதனால்தான். பிரேஸ் டிரைவ் ஷாஃப்ட் அச்சிலிருந்து 45 சென்டிமீட்டர் மேலே இருந்து அந்த முறுக்கம் முழுவதையும் தனியாகத் தாங்கினால் அதில் ஓடும் விசை 3,500 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 350 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. கிளட்ச்சைத் திடீரென்று விட்டால் ஃப்ளைவீலின் வேகமும் சேர்ந்துகொள்ளும், டயர் வழுக்கும் வரை ஏறும்.

எம்10 அளவு 8.8 போல்ட் இதைப்போலப் பல மடங்கு தாங்கும். கம்பியும் தாங்கும். தாங்காதது பாடித் தகடு. ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் குறுக்குத் தகட்டிலோ, இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள ஃபயர்வாலின் நடுவிலோ துளை போட்டு மாட்டியவர்களின் வண்டியில் தகடு அலையலையாக வளைந்து துளையைச் சுற்றிப் பிளந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரட் டவர் நல்ல இடம், ஏற்கனவே அங்கே சஸ்பென்ஷன் விசை வருகிறது, அதற்கேற்பப் பல தகடுகளை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

திசை முக்கியம். இன்ஜின் புரள்வது முன்பின்னாக. அதனால் பிரேஸும் முன்பின்னாகப் படுத்திருக்கவேண்டும். ஸ்ட்ரட் டவர் பக்கத்தில் இருப்பதால் பலர் கம்பியை இடவலமாகப் போட்டுவிடுகிறார்கள், அது பார்க்க அழகாக இருக்கும், புரளலை அனேகமாகத் தடுக்கவே தடுக்காது. மேலிருந்து பார்க்கும்போது வண்டியின் நீளத்துக்கு 30 டிகிரிக்குள் இருக்கட்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முடிந்தவரை தரைக்கு இணையாக இருக்கவேண்டும், சரிந்திருந்தால் ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் இன்ஜினை மேலே தூக்கவோ கீழே அமுக்கவோ செய்யும், அது மேல் மவுண்டிங்குகளைக் கெடுக்கும்.

இப்போது அந்த ரீங்காரம். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 750 ஆர்பிஎம் ஐட்லிங்கில் வினாடிக்கு 25 அதிர்வு. ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்த இன்ஜினுக்குச் சொந்தமாக ஒரு அதிர்வெண் உண்டு, கையால் உலுக்கிவிட்டால் எந்த வேகத்தில் ஆடுமோ அது. அந்த எண் 25-ஐ 1.41-ஆல் வகுத்த அளவுக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய 18-க்குக் கீழே இருந்தால்தான் ரப்பர் அதிர்வை உள்ளே விடாமல் தடுக்கும். புரளும் திசையில் அது 10 என்று எடுத்துக்கொள்வோம். நீங்கள் பிரேஸ் போட்டு விறைப்பை நான்கு மடங்காக்கினால் அது 20 ஆகிவிடும். இப்போது ரப்பர் தடுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிக் கொடுக்கிறது. இரும்புக்கு இரும்பாகப் போட்டால் கேட்கவே வேண்டாம். மூன்று சிலிண்டர் வண்டியில் ஐட்லிங் அதிர்வு 19 அளவிலேயே இருப்பதால் இன்னும் மோசம், அந்த வண்டிக்காரர்களுக்கு நான் பிரேஸே பரிந்துரைக்கமாட்டேன்.

அதனால் புஷ் மென்மையாக இருக்கட்டும். பாலியூரித்தேன் புஷ் என்றால் கடினம் 80, 90 ஷோர் (ரப்பரின் கடினத்தை அளக்கும் அலகு) என்று விற்பார்கள், தெருவில் ஓட்டும் வண்டிக்கு அது அதிகம். சாதாரண ரப்பர் 55, 60 போதும். ரப்பருக்கு ஒரு நல்ல குணம், கொஞ்சம் அமுங்கும்வரை மென்மையாக இருந்து அப்புறம் விறைக்கும். ஐட்லிங்கின் சின்ன அசைவுக்கு மென்மையும் மிதிக்கும்போது விறைப்பும் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

எண்ணெய் டேம்பர் வாங்கிப் போடுவதும் ஒரு வழி. ஆனால் டேம்பர் வேகத்தைத் தடுக்குமே தவிர நிலையைப் பிடித்து வைக்காது. நீங்கள் நெடுநேரம் மிதித்துக்கொண்டே மலை ஏறினால் இன்ஜின் அதே அளவுதான் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வுக்குப் போகும்போது இடிக்காது, அவ்வளவே.

மேலே ஒரு கம்பி போடுவது புது யோசனை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினியில் இன்ஜின் மேல் பகுதியிலிருந்து ஃபயர்வாலுக்கு இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் வைத்த ஒரு கம்பியைக் கம்பெனியே போட்டது. அந்த சின்னப் புஷ் தேய்ந்தால் கிளட்ச் விடும்போது வண்டி உதறும், நாளடைவில் எக்ஸாஸ்ட் குழாய் விரிசல் விடும். மினி வைத்திருப்பவர்கள் உதறல் வந்தால் கிளட்ச்சைக் கழற்றுவதற்கு முன்னால் அந்தப் புஷ்ஷைத்தான் பார்ப்பார்கள். உங்கள் வண்டியிலும் எக்ஸாஸ்டில் வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் குழாயை ஒருமுறை பாருங்கள், 38 மில்லி ஆட்டத்தை அது ஆறு மாதமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

தேனி_ஜீப்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பழைய டீசல் ஜீப், இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது. ரேஸ் கொடுத்தால் இடது பக்கம் எழும்புகிறது. அதற்கும் இந்தக் கம்பி சரிவருமா? எங்கள் ஊரில் ஒருவர் செயின் போட்டுக் கட்டினால் போதும் என்கிறார்.

அதிர்வு_ஆய்வாளர்:

ஜீப் அண்ணா, உங்கள் இன்ஜின் பக்கவாட்டில் புரள்கிறது. டிஃபரன்ஷியல் அச்சில் தனியாக இருப்பதால் மவுண்டிங்குக்கு வருவது கியர்பாக்ஸ் வெளியே கொடுக்கும் டார்க் மட்டும், விசை குறைவு. வழக்கமான திசையில் சுற்றும் இன்ஜின் என்றால் வண்டியின் இடது பக்கம் எழும்பும், வலது பக்கம் அமுங்கும். ஆகவே இடது மவுண்டிங் ரப்பர்தான் இழுபட்டுப் பிரியும், முதலில் அதை மாற்றுங்கள்.

செயின் விஷயத்தில் உங்கள் ஊர்க்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் ஏறக்குறைய 67 லட்சம் செவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மவுண்டிங் ரப்பர் பிரிந்து இன்ஜின் எழும்பினால் ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்துவிடும் ஆபத்து இருந்தது. இன்ஜின் அளவுக்கு மேல் எழும்பாதபடி ஒரு கம்பிவடம் போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்சம் தொய்வாக, சாதாரண நேரத்தில் இழுபடாமல், ரப்பர் போனால் மட்டும் பிடிக்கிற மாதிரி. உங்கள் செயினையும் அப்படிப் போடுங்கள், இறுக்கிக் கட்டாதீர்கள்.

கிள்ளான்_வீரா:

மலேசியா கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். இங்கே இது ரொம்ப சகஜம் அண்ணே, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப் கட் வண்டிகளில் பெரிய இன்ஜினை எடுத்துச் சின்ன வண்டியில் போடுகிறவர்கள் எல்லோரும் மவுண்டிங்கையும் சேர்த்து யோசிப்பார்கள். என்னுடையது புரோட்டான் வீரா 1.6. பிரேஸ் போடவில்லை, வேறு வழியில் போனேன், அதையும் சொல்லிவைக்கிறேன்.

மவுண்டிங் ரப்பரில் காலி இடம் விட்டிருப்பார்கள் இல்லையா, ரப்பர் இன்னும் பிளக்காமல் தொய்ந்து மட்டும் போயிருந்தால் அந்த இடைவெளியில் கார் கண்ணாடி ஒட்டுகிற யூரித்தேன் பசையை அடைக்கலாம். ரப்பரை பிரேக் கிளீனர் போட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்து, ஒரு பக்கம் டேப் ஒட்டி, மெல்ல மெல்ல அடுக்கடுக்காக நிரப்பவேண்டும். மொத்தமாக அடைத்தால் வெளியே காய்ந்து உள்ளே பச்சையாகவே இருக்கும், காற்றில் உள்ள ஈரத்தில்தான் அது இறுகுகிறது. நான் ஒரு வாரம் விட்டேன். கீழ் மவுண்டிங்குக்கு மட்டும் செய்தேன், எடை தாங்கும் மேல் மவுண்டிங் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். ஐட்லிங்கில் ஸ்டீயரிங்கில் கொஞ்சம் அதிர்வு கூடியது, பழகிவிட்டது. மூன்று வருடம் தாண்டி நிற்கிறது.

பிளந்த ரப்பருக்கு இது ஆகாது, அதைச் சொல்லிவிடுகிறேன். பசை ரப்பரோடு ஒட்டாமல் கட்டியாகக் கழன்று வந்த கதை நண்பன் வண்டியில் நடந்தது.

கோவை_ஸ்விஃப்ட்08:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

சேலம் அண்ணா, நீங்கள் சொன்னபடி ஸ்டாண்டில் ஏற்றிக் கீழே போய் நெம்பினேன். கீழ் மவுண்டிங்கின் நடுப்புஷ் ஒரு பக்கம் முழுதாக அறுந்து இரும்பு இரும்போடு மோதிய தடம் பளபளவென்று இருந்தது. 'டொக்' வந்த இடம் அதுதான். கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டிங்கிலும் விரிசல். இன்ஜின் பக்கத்து மவுண்டிங் பார்க்க நன்றாக இருந்தாலும் இவ்வளவு வருடத்து ரப்பர் என்பதால் மூன்றையும் மாற்றிவிட்டேன், ஒரிஜினல் வாங்கித்தான். எக்ஸாஸ்ட் ஃப்ளெக்ஸ் குழாயில் வெளிப்பின்னல் ஒரு இடத்தில் அவிழ்ந்திருக்கிறது, இன்னும் கசியவில்லை.

மறுபடி அதே ஸ்கேல், அதே இடம், தம்பிதான் கிளட்ச்சை விட்டான்: 38 மில்லி 16 ஆகிவிட்டது. சத்தம் சுத்தமாக இல்லை. கியர் விழுவதும் மாறியிருக்கிறது, இரண்டாவதிலிருந்து முதலுக்கு இறக்கும்போது இருந்த இழுபறி போய்விட்டது. கியர்பாக்ஸில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியும் பிரேஸ் செய்தேன், மறைக்கவில்லை. நண்பன் பட்டறையில் ஏற்கனவே பைப்பை வெட்டி வைத்திருந்தான், எனக்கும் கையால் ஒன்று செய்து பார்க்கவேண்டும் என்று ஆசை. திருச்சி நண்பர் சொன்ன முறை அப்படியே, பைக் ஷாக் கண், ரப்பர் புஷ், 6 மில்லி தகடு, இரண்டு போல்ட். சரியான இடம் கிடைக்க இரண்டு அட்டை மாதிரி வீணாயிற்று, வண்டியின் நீளத்துக்கு 25 டிகிரியில் வந்தது. சூடாக்கி, போல்ட் கையால் வழுக்கிப் போகும் அளவில் வைத்தேன். 16 மில்லி 9 ஆனது. ஐட்லிங்கில் ஏசி இல்லாமல் எந்த வித்தியாசமும் இல்லை, ஏசி போட்டால் ஸ்டீயரிங்கில் லேசாகத் தெரிகிறது. அம்மாவை உட்கார வைத்து ஓட்டினேன், அவருக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஓட்டுகிறவனுக்கு, உண்மையைச் சொன்னால், மவுண்டிங் மாற்றியபோது தெரிந்த வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குகூட பிரேஸ் போட்டபோது தெரியவில்லை. அதை வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா?

சேலம்_பட்டறை:

தினமும் அலுவலகம் போய்வருகிற வண்டி என்றால் கழற்றிவிடுங்கள் தம்பி. புது ரப்பர் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும்படிதான் கம்பெனி அளவு வைத்திருக்கிறது. கம்பி ஒருபக்கமாகப் பிடித்தால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் மவுண்டிங் ஓய்வெடுக்கும், எதிர்ப்பக்கத்து மவுண்டிங் கூடுதலாக முறுக்கப்படும். முன்னால் மோதல் ஏற்பட்டால் இன்ஜின் எந்தப் பக்கம் நகரவேண்டும் என்றும் யோசித்துத்தான் அந்த வண்டியைக் கட்டியிருக்கிறார்கள், நடுவில் ஒரு தடித்த பைப்பை நாமாக வைப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

திருச்சி_கேரேஜ்:

நான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு வருடத்தில் இரண்டு தடவை வண்டியைக் கொண்டுபோகிறேன், அங்கே முழு மிதியில் கிளம்பும்போது முன்சக்கரம் துள்ளுவது இதனால் நன்றாகவே குறைந்திருக்கிறது. அந்தத் தேவை உங்களுக்கு இல்லையென்றால் அண்ணன் சொல்வதுதான் சரி. வைத்துக்கொள்வதாக இருந்தால் முதல் 500 கிலோமீட்டரில் நாலு போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், தகட்டின் வளைவுகளிலும் வெல்டிங் ஓரத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். என் முதல் கொக்கியிலும் துருக்கோடு மாதிரி ஒன்று முன்னாடியே தெரிந்திருக்கிறது, அழுக்கு என்று விட்டுவிட்டேன்.

கோவை_ஸ்விஃப்ட்08:

நேற்று மாலை கழற்றிவிட்டேன். பிராக்கெட் இரண்டையும் எடுத்துவிட்டு, ஹெட்டில் பழைய நீளத்து போல்ட்டுகளையே திரும்பப் போட்டாயிற்று. கம்பி நண்பனின் பட்டறையில் இருக்கிறது, திருச்சி நண்பருக்கு உதிரியாக வேண்டுமென்றால் சொல்லுங்கள், கண்ணுக்குக் கண் நீளம் 310 மில்லி. அடுத்த வேலை எக்ஸாஸ்ட் ஃப்ளெக்ஸ் குழாய், அதற்குத் தனியாக எழுதுகிறேன்.